காஹாங் திராட்சையும் நீங்கள் கேட்ட மழைமானியும்

சகலை,

இன்று காலை தோட்டத்தில் மூன்றாவது கொடி வரிசையின் கூரைக்குப் புது பிளாஸ்டிக் போட்டோம். சுருளைப் பிரித்து வெயிலில் விரித்ததும், பள்ளி திறக்கும் முதல் நாளில் புதுப்பையிலிருந்து வருமே, அந்த வாசம் எழுந்தது. உடனே நீங்கள் வந்து நின்றீர்கள். இரும்புக் குழாய் ஒவ்வொன்றையும் தட்டி, "இது காத்துக்குத் தாங்கும், இது தாங்காது" என்று சொல்லிக்கொண்டே வரிசை நெடுக நடப்பீர்களே, அந்த நடையோடு. மறுமுனையில் பிளாஸ்டிக்கை இழுத்துக்கொண்டிருந்த மீனா, "என்னாங்க, பிடியை விட்டுட்டீங்க?" என்று சத்தம் போட்டாள். "சகலை ஞாபகம்" என்றேன். தன் அக்கா கமலாவின் வீட்டுக்காரர் பேச்சு வந்ததும் அவளும் பிடியை விட்டுவிட்டு என் பக்கம் வந்து நின்றாள்.

நீங்கள் போனபிறகு இது இரண்டாவது பெரிய அறுவடை. சனிக்கிழமை தோட்டத்தைத் திறக்கிறோம். குலைகளைத் தாங்க முடியாமல் கம்பிகள் தொய்கின்றன. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

"காஹாங்ல திராட்சையா?" என்று சிரிக்காத ஆள் அப்போது இல்லை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள். நான் செனாய் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையை விட்டு வந்தவன். நீங்களோ ஜொகூர் பாருவில் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காக நசுங்கிய கார்களையும் எரிந்த கடைகளையும் பார்த்து, இழப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டே ஓய்வுபெற்றவர். இருவருக்கும் மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. மழை மேலே விழாமல் கூரை போட்டால் நம் மண்ணிலும் திராட்சை காய்க்கும் என்று எங்கோ பார்த்துவிட்டு வந்து, குத்தகை நிலத்தை எனக்குக் காட்டினீர்கள். நான் முதலில் பாம்பைத்தான் பார்த்தேன். நீங்கள் வரிசைகளைப் பார்த்தீர்கள்.

முதல் குலையைக் கமலாக்கா வாயில் போட்டுக்கொண்ட நேரம் நினைவிருக்கிறதா? புளிக்கும் என்று முகத்தைத் தயாராகச் சுளித்து வைத்திருந்தார். பிறகு, "அலமாக், இனிக்குது லா!" என்று கத்தியதில் பக்கத்துத் தோட்டத்து ஆ செங் வேலிக்கு ஓடி வந்துவிட்டார். அடுத்த வருஷமே அவரும் கொடி நட்டார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு குடும்பங்கள் நட்டன.

அந்த வருஷம்தான் காற்று அடித்துக் கூரையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போய்ச் செம்பனைகளின் தலையில் மாட்டிவிட்டது. நாம் ஏணி வைத்துக் கிழிசல்களை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் நோரா வந்தார். காப்புறுதி நிறுவனத்து அதிகாரி. சேற்றுக்கென்றே காரில் பூட்ஸ் வைத்திருந்த பெண். பழத்தோட்டங்களுக்குப் புதுத் திட்டம் ஒன்று தொடங்குவதாகச் சொன்னார். தொடர்ந்து இவ்வளவு மழை பெய்தால் இவ்வளவு இழப்பீடு. தள்ளி இருக்கும் குளுவாங் டவுனில் உள்ள மழைமானி காட்டுவதுதான் கணக்கு. தோட்டத்துக்கு யாரும் வந்து பழத்தை எண்ண மாட்டார்கள்.

எனக்கு அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும் போலிருந்தது. ஆ செங் இந்தத் திட்டமே வேண்டாம் என்றார். அந்தக் காசில் இன்னும் கொஞ்சம் இரும்பு வாங்கலாம் என்பது அவர் கட்சி. எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். காப்புறுதியில் பழம் தின்று கொட்டை போட்டவர், நல்ல வார்த்தை சொல்வீர்கள் என்று நினைத்தோம். "நான் யோசிக்கணும்" என்றீர்கள்.

எனக்குக் கோபம். "மத்தவங்க கேட்டதை எல்லாம் வெட்டி வெட்டி, இப்ப நம்மளுதையும் வெட்டுறீங்களா சகலை?" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "வாங்க, கொடிக்குக் கீழ உக்காந்து பேசலாம்" என்று இரண்டு காலி உர வாளிகளைக் கவிழ்த்துப் போட்டீர்கள்.

அன்று நீங்கள் பேசியது இப்போதும் காதில் இருக்கிறது. "உங்களுக்கு எதுக்குப் பயம், ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்று கேட்டீர்கள். சொன்னேன். இலையில் பூஞ்சை. குருவி. விலை இறங்குவது. காற்று. வெள்ளம். ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டினீர்கள்.

"பூஞ்சைக்கு அவங்க குடுக்க மாட்டாங்க. அது நம்ம வேலை, காலையில எழுந்து இலையைப் பார்க்கணும். குருவிக்கு வலை. விலைக்கும் குடுக்க மாட்டாங்க. ஒரு வரிசை கூரை போனா நாமளே போட்டுக்கலாம், வலிக்கும், ஆனா விழ மாட்டோம். எது வந்தா நாம எழுந்திரிக்கவே முடியாது?"

"வெள்ளம்" என்றேன்.

"அதுக்கு மட்டும்தான் அவங்க வேணும். எல்லாத்துக்கும் சேர்த்துச் சந்தா கட்டினா, ஒவ்வொரு வருஷமும் நம்ம லாபத்தை நாமளே அவங்களுக்குக் கொண்டுபோய்க் குடுத்த மாதிரி."

பிறகு வானத்தைக் காட்டினீர்கள். குளுவாங் பக்கம் வெளுத்துக் கிடந்தது. நம் தலைக்கு மேல் கறுத்திருந்தது. "அங்க உள்ள மானிக்கு நம்ம மழை தெரியுமா? நாம முங்கிக் கிடப்போம், மானி காஞ்சு கிடக்கும். சந்தாவும் போச்சு, பழமும் போச்சு. இந்தத் திட்டம் தப்பில்ல சகலை. மானி இருக்கிற இடம்தான் தப்பு."

அடுத்த கூட்டம் ஆ செங்கின் பழம் அடுக்கும் கொட்டகையில் நடந்தது. நோராவிடம் நீங்கள் இரண்டே விஷயம் கேட்டீர்கள். மழைமானி காஹாங்கிலேயே இருக்க வேண்டும். சிறிய இழப்பை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம், பெரிய மழைக்கு மட்டும் காப்பு போதும், அதற்கேற்ப சந்தாவைக் குறையுங்கள். சண்டை பிடிக்கிற குரலே இல்லை. பழைய சக ஊழியரிடம் பேசுவது போல, அவருடைய மேலதிகாரி என்ன கேட்பார், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்றும் சேர்த்தே சொன்னீர்கள். நோரா சிரித்துவிட்டார். "அங்கிள், நீங்க எங்க பக்கமா, இவங்க பக்கமா?" என்று மலாயில் கேட்டார். "மழை பெய்யிற பக்கம்" என்றீர்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. பல வாரம் அலுவலகத்தோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பி வந்தார். ஒப்புக்கொண்டார்கள், மானியைப் பொது இடமாகப் பள்ளித் திடலில் வைப்பார்கள். ஆனால் ஆறு தோட்டமும் சேர்ந்தால்தான். ஒன்று குறைந்தாலும் கிடையாது.

அப்போது ஆ செங் ஒருவர்தான் மிச்சம். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம்; அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "எல்லாம் ஒரே மழையில போயிடுச்சுன்னு வைங்க. மறுபடி நடுவீங்களா?" அவர் கொட்டகையின் தகரக் கூரையை வெகுநேரம் பார்த்தார். "தாக் போலே லா" என்றார். முடியாது. பிறகு தானாகவே பேனாவுக்குக் கையை நீட்டினார்.

பெரிய மழை அடுத்த ஆண்டுக் கடைசியில் வந்தது. உங்களுக்கு இதயம் பலவீனப்பட்டு, குளுவாங் மருத்துவமனையில் படுத்திருந்தீர்கள். இங்கே வானம் மூடியது மூடியபடியே இருந்தது. ஆறு ஏறி, வாய்க்கால் எது பாதை எது என்று தெரியாமல் போனது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பார்த்தேன். பறிக்க இருந்த குலைகள் வெடித்துக் கொடியிலேயே புளித்துக்கொண்டிருந்தன. அங்கிருந்தே உங்களுக்குப் போன் போட்டேன். மழைச் சத்தம் கேட்டதுமே நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"பழம் போச்சா?"

"எல்லாம் போச்சு சகலை."

"சரி. பழத்தை விடுங்க. வேரைப் பாருங்க. தண்ணி நிக்காம வெட்டி விடுங்க. கொடி செத்தாத்தான் நாம தோத்தோம்."

போனை வைத்துவிட்டு ஆ செங்கைக் கூப்பிட்டேன். ஆறு குடும்பமும் வந்தது. கமலாக்கா உங்கள் கட்டிலருகில் இருந்தார். மற்ற எல்லாரும் மழையிலேயே மண்வெட்டியோடு நின்றோம். ஒரு தோட்டத்துக்கு வெட்டிய வாய்க்கால் அடுத்த தோட்டத்தை முக்காதபடி, மேட்டிலிருந்து ஆற்றுக்கு ஒரே கோடாக வெட்டினோம். மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்தபோது நான் ஒரு கொடியின் பட்டையை நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை. அடுத்ததைக் கீறினேன். பச்சை. மீனா சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், எது எது என்று தெரியவில்லை.

இழப்பீடு வந்த அன்று மருத்துவமனைக்கு நானே ஓடி வந்தேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தீர்கள். ஆறு தோட்டத்துக்கும் வந்துவிட்டது என்றேன். கரண்டியை வைத்துவிட்டு, "யார் வந்து பார்த்தாங்க?" என்று கேட்டீர்கள்.

"யாரும் வரல. மானியைப் பார்த்தாங்களாம், அனுப்பிட்டாங்களாம்."

"ஒருத்தரும் வந்து படம் எடுக்கல? ஏன், எப்படின்னு கேள்வி கேக்கல?" என்று கண்ணை அகல விரித்தீர்கள். பிறகு, "அப்ப என்னை மாதிரி ஆளுக்கெல்லாம் வேலையே போச்சு லா!" என்று கட்டில் குலுங்கச் சிரித்தீர்கள். தாதி வந்து அதட்டினார். கமலாக்கா உங்கள் வாயைத் துடைத்தபடி தானும் சிரித்தார். அந்த அறையில் அன்று நோய் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை.

நீங்கள் வீடு திரும்பி, கவாத்து வெட்டிய கொடிகளில் தளிர் விடுவதை நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்தீர்கள். காய் பிடிக்கும் முன்பே போய்விட்டீர்கள். ஆனால் ஜெயித்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள். அந்த ஒன்றை நான் இன்றைக்கும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு தோட்டத்தில் ஒன்றுகூடக் கைமாறவில்லை சகலை. போன அறுவடைக்குக் கெலாங் பாத்தாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பாதையில் வண்டி நிறுத்த இடமில்லை. ஆ செங் தொப்பி போட்டுக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி கை காட்டிக்கொண்டிருந்தார்.

போன வாரம் காப்புறுதியைப் புதுப்பிக்கும் கூட்டம். புதிதாகத் தோட்டம் போட்டிருக்கும் ஒரு பெண், பேர் தேவி, எழுந்து கேட்டாள்: "வெள்ளத்துக்கு அப்புறம் ஒண்ணும் வரலியே. சந்தா கட்டிக்கிட்டே இருக்கீங்க, திரும்ப ஒண்ணும் கிடைக்கல. எதுக்கு இது?" நல்ல கேள்வி. எல்லாரும் நீங்கள் வழக்கமாக உட்காரும் மூலையைப் பார்த்தார்கள். அங்கே நான் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத ஆள் நான் என்று உங்களுக்குத் தெரியும். "உங்களுக்கு எதுக்குப் பயம், சொல்லுங்க" என்று அவளிடம் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல நாங்கள் சேர்ந்து பிரித்தோம்: எதை நாமே தாங்கலாம், எதைத் தாங்க முடியாது. பேசி முடிக்கும்போது ஒன்று புரிந்தது. வாய்க்கால் ஆழமாகிவிட்டது, கூரை கெட்டியாகிவிட்டது, கையில் கொஞ்சம் சேர்ந்தும் இருக்கிறது. முன்பு தாங்க முடியாத மழையில் ஒரு பங்கை இப்போது நம்மாலேயே தாங்க முடியும். காப்பை விடவில்லை. ஆனால் நம் பங்கைக் கூட்டி, சந்தாவைக் குறைக்கச் சொன்னோம். கூட்டத்துக்கு வந்திருந்த நோரா தலையசைத்து ஒப்புக்கொண்டார். தேவி கையெழுத்துப் போட்டாள்.

குறைந்த சந்தாவில் மிச்சமாவதை என்ன செய்வது என்று மீனா வீட்டில் கேட்டாள். வேலிக்கு அப்பால், மேட்டில், இன்னொரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பேசிவிட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றம் வந்தாலே தூங்காமல் கிடந்தவன் நான். என்னோடு குடும்பம் நடத்தியவளுக்கு எப்படி நம்பிக்கை வரும்? நேரில் கூட்டிப்போய்க் காட்டினேன். கம்பு ஊன்றி, கயிறு கட்டி, வரிசை பிடித்து வைத்திருந்தேன். கமலாக்காவும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணில் நடந்து பார்த்தார்.

இப்போதும் பயம் வருகிறது, சகலை. வரட்டும். உட்கார வைத்து, நீ யார், எவ்வளவு பெரியவன் என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். பதில் வாங்கிக்கொண்டு எழுந்து வேலையைப் பார்க்கிறேன். அறுவடை முடிந்த மறுநாள் மேட்டு நிலத்தில் கன்று நடுகிறோம்.