பதினைந்தாவது கையெழுத்து

மாசாய்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் ஷர்மைனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான், அம்மா, உன் தங்கை சமந்தா மூவரும் சுகம், வேனும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. பெர்த்தில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். என்ன இது, திடீரென்று கடிதம் என்று பயப்படாதே. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி டியூட்டிக்கு ஓடிவிடுகிறாய், இது அப்படி ஓடுகிற சமாசாரம் இல்லை. அம்மா அனுப்பும் கறித்தூள் பொட்டலத்தோடு இதையும் வைக்கிறேன். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, உட்கார்ந்து மெதுவாகப் படி.

உன் பழைய பள்ளிக்கூடத்தைப் பார்த்தால் உனக்கு இப்போது அடையாளம் தெரியாது. வாசலிலிருந்து வேன் நிற்கும் இடம் வரை கூரை போட்டுவிட்டார்கள், பிள்ளைகள் மழையில் நனைவதில்லை, ஆனாலும் என் வேனில் ஏறும்போது எங்கிருந்தோ சப்பாத்து நிறையச் சேறு கொண்டுவந்துவிடுகிறார்கள். கேண்டீன் நாசி லெமாக் சோற்றில் இன்னும் அதே அரை முட்டைதான். இடைநிலைப் பள்ளிக்கு வந்த முதல் வருஷம், படிவம் ஒன்றிலேயே சமந்தாவை வலைப்பந்துக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள், அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறாள். பெண்கள் பள்ளி என்றால் அமைதியாக இருக்கும் என்று எவனாவது சொன்னால் அவனை ஒரு நாள் என் வேனில் ஏற்றவேண்டும். பதினொரு பிள்ளைகள், பதினொரு வானொலி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாதது உனக்குத் தெரியாதா என்ன. இந்த வருஷம் பிரேமலா டீச்சர் மாற்றலாகி வந்தார். படிவம் ஒன்று படிக்கும் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் வகுப்புத் திறக்கலாம், சனிக்கிழமைகளில் நானே நடத்துகிறேன் என்றார். கையெழுத்து வாங்கிய விண்ணப்பப் பாரங்கள் இரண்டு வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் சமந்தாவுக்கும் ஆறாம் ஆண்டோடு தமிழ் முடிந்தது, உனக்கு முடிந்த மாதிரியே. நான் விடுவேனா? பள்ளி திறந்த அன்று பலகையில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தேன். அப்பா பெயருக்கு முன்னால், மகள் என்பதற்கு, ஏ/பி என்று போட்டிருந்தால் நம் பிள்ளை, பிந்தி என்று போட்டிருந்தால் மலாய்ப் பிள்ளை, இதுதானே நமக்குத் தெரிந்த கணக்கு. ஏ/பி எல்லாவற்றையும் எழுதி எடுத்தேன், சரியாகப் பதினைந்து. வீடு வீடாகப் போனேன், அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடாமல் ஐந்து மாடி ஏறினேன், பதினான்கு கையெழுத்து கிடைத்தது. பதினைந்தாவது பிரவீனாவின் அம்மா. தே தண்ணி கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், கையெழுத்து மட்டும் கொடுக்கவில்லை. சனிக்கெழம டியூஷன் இருக்குண்ணே, தமிழ்ல ஏ எடுக்கறது கஷ்டம்லா, எம்புள்ளய விட்ருங்க என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தை வீட்டில் அம்மாவிடம்தான் காட்டினேன். காஹாங்கிலிருந்து உன் அத்தை மகளைப் பள்ளி மாற்றிக் கொண்டுவந்தால் என்ன என்றுகூடக் கேட்டேன். அம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை, மறுநாள் கெடு. பதினாலு, பதினாலு என்று வண்டி ஓட்டிக்கொண்டே புலம்புகிறேன். என் பக்கத்து சீட்டில் ஷஹீரா. ஜமால் பாய் இங்கே புதிதாகக் கடை போட்டிருக்கிறாரே, அவர் மகள், பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று வருஷத் தொடக்கத்திலிருந்து முன் சீட்டு அவளுக்குத்தான். தினமும் ஏறியதும் பசியாறிட்டீங்களா அங்கிள் என்று கேட்கிற ஒரே பிள்ளை. அன்று மெதுவாகச் சொல்கிறாள், அங்கிள், என்னைய மட்டும் ஏன் கேக்கல, ரெண்டு வாரமா நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அலாமாக்! வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன், பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். விசாரித்தால், அவள் ஆறு வருஷமும் காஹாங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் படித்தவளாம், கட்டுரை எழுதுவது என்றால் உயிராம். பட்டியலில் அவள் பெயர் ஷஹீரா பிந்தி ஜமால். பிந்தியைப் பார்த்ததும் என் பேனா தாண்டிப் போயிருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான், வேறென்ன சொல்ல.

மத்தியானமே கடைக்குப் போனேன், ஜமால் பாய் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவர் தே தாரே ஆற்றிக்கொண்டே சிரித்தார். எங்க வாப்பா ராம்நாட்டுலேருந்து வந்தவரு, வீட்ல நாங்க வேற என்ன பாஷ பேசுவோம்னு நெனச்சீங்க சாமி அண்ணே என்றார். கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், அதுவும் தமிழில். வெள்ளிக்கிழமை பாரங்கள் போய்ச் சேர்ந்தன, நேற்று முதல் வகுப்பு நடந்தது. டீச்சர் ஒரு பக்கம் எழுதச் சொன்னாராம், ஷஹீராவுக்கு ஒரு பிழைகூட இல்லை, நம் வீட்டுப் புலவருக்கு ஏழு. நன்றாக வேண்டும் என்று சிரித்துவிட்டேன், சமந்தா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதுவரை எழுதியதெல்லாம் சந்தோஷம். இனி எழுதப் போவதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் உனக்கும் இப்படித்தான் பட்டியல் எடுத்தேன், பதினான்கில் நின்றது, வகுப்பு இல்லை என்றார்கள். நீ சாப்பிடாமல் கவிழ்ந்து படுத்து அழுதாய். நான் பள்ளியைத் திட்டினேன், இலாகாவைத் திட்டினேன், கையெழுத்துப் போடாதவர்களையெல்லாம் திட்டினேன். நேற்று வகுப்பு விட்டுப் பிள்ளைகளை வேனில் ஏற்றும்போது சட்டென்று உன்னோடு அதே வகுப்பில் படித்த உன் கூட்டாளி மீரா பீவி ஞாபகம் வந்தது. நம் வீட்டு சோபாவில் உன்னோடு உட்கார்ந்து தமிழ்ப் படம் பார்ப்பாளே, நான் வேலை விட்டு வந்ததும் முழுக் கதையையும் எனக்கு ஒப்பிப்பாளே, அந்தப் பிள்ளை. அவளை நான் கேட்கவேயில்லை, கண்ணு. தப்பு என் மேல்தான். அப்பாவை மன்னித்துவிடு.

அம்மா தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபமாலையை ஆரம்பிக்கிறாள், மாதா உன்னைக் கைவிடமாட்டாள், நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கவேண்டும். ரொட்டியும் ஜாமுமாக நாளை ஓட்டாதே, சோறு ஆக்கிச் சாப்பிடு. பாஸ்போர்ட் முடியப் போகிறது, மறக்காமல் புதுப்பி. இன்னொன்று, மீராவின் நம்பர் உன்னிடம் இருந்தால் எனக்கு அனுப்பு, நான் அவளோடு பேசவேண்டும். அந்தப் பிள்ளையும் அப்போது நான் கேட்பேன் கேட்பேன் என்று பார்த்துக்கொண்டே இருந்திருப்பாளோ என்னவோ.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
சந்தனசாமி