அழகரெத்தினம் வந்திறங்கிய நிலையம்

பாண்டிருப்பு,
14.01.2005

அன்பின் பாவா,

கடல் வந்துபோய்ப் பத்தொன்பது நாளாகிறது. தொலைபேசியில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது விளங்கியதோ தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

மருதமுனையில் உங்கள் வளவில் கிணற்றுக்கட்டு மட்டுமே மிச்சம். உன் உம்மாவை மூன்றாம் நாள் நான்தான் கண்டேன். பெயர் தெரியாத மையித்துகளைப் பள்ளிவாசல் ஆட்கள் ஒரே குழியில் அடக்கிக்கொண்டிருந்தார்கள். "இவ ஆதம்பாவாட உம்மா. ஆசியா உம்மா. எனக்குச் சோறு போட்டவ" என்று சொல்லி நின்றேன். தனியாகக் கபுறு வெட்டினார்கள். பலகையில் பெயரை நானே எழுதினேன்.

நாங்கள் பள்ளிக்கூட முகாமில் இருக்கிறோம். என் மகள் யதுசாவுக்குக் காலில் காயம், ஆறி வருகிறது. அம்மா நேற்றுச் சொன்னா: "கடல் எடுத்ததுகளத் திருப்பித் தந்திட்டு. அண்ணன ஜீப்பில ஏத்தினவங்கதான் இன்னும் தரல்ல மனே."

உன் மனதைத் தேற்றிக்கொள்.

அன்புடன்,
குணம்

ஜேர்மனி,
12.10.2008

அன்பின் குணம்,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் போட இரண்டு மாதம் பிந்திவிட்டது, ஏசாதே. பூமணி அம்மாவும் பிள்ளைகளும் சுகமென்று அறிந்து ஆறுதல். தபாலை எப்போதும்போல் இங்கே இருக்கும் நம் ஊர்க் கச்சிமுகம்மது காக்காவின் விலாசத்துக்கே போடு. என் வீட்டுத் தபால்பெட்டி சரியில்லை.

புகையிரத நிலையத்தில் வேலை என்றதும் நான் தொப்பி போட்ட அதிகாரி என்று அம்மா நினைத்திருக்கிறா. நான் மேடை கூட்டுகிறேன், குப்பைத்தொட்டி மாற்றுகிறேன். ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுவதால் தண்டவாளமே காணாத ஊரிலிருந்து வந்தவனுக்கு இதுவே பெரிது.

இந்த நிலையத்தைப் பற்றி ஹில்டே என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை புத்தகம் எழுதுகிறா. வந்தால் என்னோடு கதைக்காமல் போகமாட்டா. நூற்று நாற்பது வருடத்துக்கு முன் ரயில் வரப்போகிறது என்றபோது, புகை பட்டால் மாடு பால் கறக்காது என்று விவசாயிகள் சண்டை பிடித்தார்களாம். அதனால் ஊருக்கு ஒரு கட்டை தூரம் தள்ளிக் கட்டினார்கள். பிறகு கடையும் வீடும் நிலையத்தைத் தேடி வந்துவிட்டன. இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து கூரை போயிற்று. அறுபதுகளில் துருக்கியிலிருந்து தொழிலாளர்கள் மரப்பெட்டிகளோடு வந்திறங்கினார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் ஒன்று இருக்கிறது. 1942இல் இந்த ஊர் யூதக் குடும்பங்களைச் சாமான் ஏற்றும் பக்கத்தால் கொண்டுபோனார்கள். நாற்பத்தாறு பேர். ஒருவரும் திரும்பவில்லை. நிலையத்தின் நூறாவது வருடத்தில் போட்ட மலரில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையாம். அந்த வண்டிக்கான கடதாசியில் கையெழுத்து வைத்த நிலைய அதிபர் ஹில்டேயின் தகப்பன். அவ அதைப் பெயரோடு எழுதியிருக்கிறா. "அப்பா நல்லவர்தான். ஆனாலும் கையெழுத்து அவருடையது" என்று என்னிடம் சொன்னா. தம்பிக்காரன் அவவின் வீட்டுப் படி மிதிப்பதை விட்டுவிட்டார்.

இங்கே வந்திறங்கியவர்களைப் பற்றிக் கடைசி அத்தியாயம். என்னையும் கேட்டா. இரண்டு வரி சொன்னேன். படம் வேண்டாமென்றேன்.

உன் பாவா

பாண்டிருப்பு,
21.06.2009

அன்பின் பாவா,

சண்டை முடிந்துவிட்டது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம்.

இப்போது எழுதுவது வேறு விசயம். எங்கள் ஒழுங்கையில் இருந்த தனுசன் ஜேர்மனியில் லொறி ஓட்டுகிறான். நீ இருக்கும் ஊரில் ஒரு நிலையத்துப் புத்தகம் வாங்கி, அதில் ஒரு தாளைப் பிரதி எடுத்து, தமிழிலும் எழுதி அனுப்பியிருக்கிறான். அதில் இருக்கிறது: "பாண்டிருப்பைச் சேர்ந்த அழகரெத்தினம், 1991 நவம்பரில் இங்கே வந்திறங்கினார். ஜீப்பில் கொண்டுசெல்லப்பட்டு, தப்பி வந்தவர்." அதில் போட்டிருக்கும் பிறந்த திகதியும் சரி, பாவா. அது அண்ணன்தான்.

அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் விழுந்தவ, எழும்ப அரைமணித்தியாலம் ஆயிற்று. போன கிழமை காணாமற்போனோரின் விபரம் பதிய ஆட்கள் வந்தார்கள். அம்மா அவர்களிடம், "என்ட மகன் உசிரோட இரிக்கான். அவன்ட பேர வெட்டுங்க" என்று சொல்லி வெட்டுவித்துவிட்டா.

பதினெட்டு வருடமாக ஏன் ஒரு கடிதம் போடவில்லை என்று நான் கேட்கமாட்டேன். அடிபட்டவனுக்கு என்ன பயமோ. நீ அந்த நிலையத்தில்தானே வேலை செய்கிறாய். அந்த அம்மையாரிடம் கேள். அண்ணனைக் கண்டுபிடி. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது என்று சொல்லு.

குணம்

ஜேர்மனி,
19.07.2009

குணம்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள். ஒன்பது கடிதம் எழுதிக் கிழித்தேன்.

அந்த அழகரெத்தினம் நான்.

தொண்ணூற்றொன்றில் நான் கொழும்புக்குப் போகும்போது, காணாமற்போனவர்களைத் தேடித்தரும் அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லி அம்மா ஒரு உறை தந்தா. அண்ணனின் பிறப்புச் சான்றிதழ் அதில் இருந்தது. கொடுத்துவிட்டேன் என்று உங்களுக்கு எழுதினேன். கொடுக்கவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன், "முஸ்லிம் எண்டா அகதி எண்டு அங்க நம்பமாட்டாங்க. தமிழ்ப் பேர் ஒண்டு கொண்டு வா" என்றான். பெயர் என் பையில் இருந்தது.

இங்கே விசாரணையில், அண்ணனை உங்கள் வாசலில் வைத்து ஏற்றியதை எனக்கு நடந்ததாகச் சொன்னேன். நீ அழுதழுது எனக்குச் சொன்னதை வரி பிசகாமல் சொன்னேன். தப்பி ஓடியது மட்டும் நான் சேர்த்தது. மொழிபெயர்த்த பெண் அழுதா. அன்றைக்கே வெட்கம் வந்தது. ஆனால் இங்கே இருக்கக் கடதாசியும் கிடைத்தது.

தபால்பெட்டி சரியில்லை என்றதும் பொய். என் கதவில் உன் அண்ணனின் பெயர் இருக்கிறது. நீ என் உம்மாவை அடக்கிவிட்டு எழுதிய கடிதத்தை அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்துதான் வாசித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஹில்டே கேட்டபோது ஊமையாக இருந்திருக்கலாம். வாய் பழகிவிட்டது, குணம்.

அண்ணனுக்கு என்ன நடந்ததென்று எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வாய் என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. என்னை மன்னிக்கும்படி கேட்கவும் மாட்டேன்.

ஆதம்பாவா

பாண்டிருப்பு,
02.09.2009

ஆதம்பாவாவுக்கு,

அன்பின் என்று எழுதக் கை போகவில்லை.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. "திருப்பி ஒருக்கா வாசி மனே" என்றா. வாசித்தேன். "அப்ப அவன் ஜேர்மனிக்குப் போகல்லயா?" என்று கேட்டா. இல்லை என்றேன். பிறகு சுளகை எடுத்து மிச்ச அரிசியையும் புடைத்து முடித்தா. அன்றைக்கு உலை வைக்கவில்லை.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பதிகிறவர்களிடம் போனா. நீங்களே வெட்டச்சொன்ன பெயர், மகன் வெளிநாட்டில் இருப்பதாகப் புத்தகத் தாளையும் காட்டினீர்கள், இனி எழுத்தில் ஏதாவது கொண்டுவாருங்கள் என்கிறார்கள். அந்தப் பெயரில் இருந்தது நீதான் என்று கையொப்பமிட்டு அனுப்பு. சட்டத்தரணி முன்னிலையில் இருக்க வேண்டும். அதனால் உன் கடதாசி போகுமென்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

குணம்

ஜேர்மனி,
11.12.2009

குணம்,

சத்தியக்கடதாசி இத்துடன் இருக்கிறது. ஆங்கிலத்திலும் உண்டு.

இங்கே குடிவரவு அலுவலகத்திலும் போய்ச் சொல்லிவிட்டேன். அங்கே இருந்த பெண், "உங்கள் பெயர் என்ன?" என்று மூன்று தரம் கேட்டா. வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். வழக்கு எப்படிப் போகுமோ தெரியாது.

ஹில்டேயிடம் சொன்னபோது அவ என் முகத்தைப் பார்க்கவில்லை. மறு பதிப்பில் மாற்றுகிறேன் என்று மட்டும் சொன்னா. அச்சிட்ட தாளை அனுப்பியிருக்கிறா. உன் அண்ணனின் பெயர் அதில் இல்லை. மருதமுனை ஆதம்பாவா, வேறொருவர் பெயரில் வந்திறங்கினார் என்று இருக்கிறது. அதை நான் கூட்டிய மேடையில் வைத்து விற்கிறார்கள். அந்தப் பக்கம் நான் போவதில்லை.

கடதாசியில் குறை ஏதும் இருந்தால் மட்டும் எழுது.

மீராமுகைதீன் ஆதம்பாவா

பாண்டிருப்பு,
30.01.2010

ஆதம்பாவாவுக்கு,

கடதாசி சரி. அண்ணனின் பெயரைத் திரும்பப் பதிந்து இலக்கம் தந்தார்கள். அம்மா அதைச் சேலைத்தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறா.

உன்னைத் திருப்பி அனுப்பினால் எங்கள் ஒழுங்கையால் வர வேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னா. எழுதிவிட்டேன்.

கல்முனைச் சந்தையில் எங்காவது உன்னைக் கண்டால் நான் என்ன செய்வேன் என்று பல நாள் யோசித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போக ஏலாது போல இருக்கிறது. நின்று, எப்போது வந்தாய் என்று கேட்பேன். அதற்கு மேல் கதைக்க என்னிடம் ஒன்றும் இருக்காது.

குணம்