திறக்காமலே படித்ததாகிப் போன பதில்

அனுப்புநர்
அ. ஞானசெல்வி (வயது 36),
க/பெ. அமிர்தராஜ்,
காலைப் பணிப் பொறுப்பாளர், உழவர் தகவல் மையம்,
ஓடைப்பட்டி, தேனி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு திட்ட அலுவலர் அவர்கள்,
பள்ளத்தாக்கு உழவர் இணையத் திட்டம்,
தேனி.

பொருள்: எங்கள் மையத்தின் பிற்பகல் பொறுப்பாளர் திரு. செ. பால்பாண்டியைப் பணி நீக்கம் செய்த உத்தரவை ரத்து செய்யவும், உழவர் அரங்கத்தில் படிக்காத பதிவுகளைக் காட்டும் முறையைத் திருத்தவும், நான் கொடுத்த பொய் வாக்குமூலத்தின் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. அரங்க அறிவிப்பு, நாள் 08.11.2008.
2. எனது எழுத்துமூல வாக்குமூலம், நாள் 20.11.2008.
3. தங்கள் அலுவலக உத்தரவு, நாள் 01.12.2008.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. தங்களுக்குத் தெரிந்த விவரமே ஆனாலும் கோர்வைக்காக எழுதுகிறேன். எங்கள் மையத்தில் கம்ப்யூட்டர் ஒன்று, இணையத்தில் உள்ள உழவர் அரங்கத்துக்குள் நுழையும் பயனர் பெயரும் ஒன்று, ஆட்கள் இரண்டு பேர். காலை எட்டு முதல் ஒரு மணி வரை நான். இரண்டு முதல் ஏழு மணி வரை பால்பாண்டி. விவசாயிகள் நோய் கண்ட இலையையோ காயையோ காலையில் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர்கள் சொல்வதை நான் தட்டச்சு செய்து, படத்தோடு அரங்கத்தில் கேள்வியாகப் பதிவேன். தேனியில் இருக்கும் வல்லுநர்கள் பதில் எழுதுவார்கள். அந்தப் பதிலைத் துண்டுத் தாளில் எழுதி, சைக்கிளில் தோட்டந்தோட்டமாகக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவது பால்பாண்டியின் வேலை. ஆகவே ஓடைப்பட்டி விவசாயிகள் பதில் வந்ததா என்று கேட்டு மையத்துக்கு வரமாட்டார்கள். பால்பாண்டியின் சைக்கிள் வந்தால் பதில் வந்துவிட்டது, வராவிட்டால் வரவில்லை. அவ்வளவுதான் அவர்களுக்குக் கணக்கு.

2. அரங்கத்தில் படிக்காத பதிவு தடித்த எழுத்தில் தெரியும். திறந்தால்தான் மெலியும். இதை வைத்து நானே ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். காலையில் வந்திருக்கும் பதில்களை நான் திறக்கமாட்டேன். தடித்தபடியே விட்டுவைப்பேன். பிற்பகலில் பால்பாண்டி வந்து, தடித்திருப்பதை எல்லாம் திறந்து, தாளில் எழுதிக்கொண்டு கிளம்புவார். பணி ஒப்படைப்புக்கென்று தங்கள் அலுவலகம் ஒரு பதிவேடு கொடுத்திருக்கிறது. இரண்டு வருடமாக அதில் நாங்கள் எழுதிவந்தது "சரி" என்ற ஒரே சொல். தடித்த எழுத்து இருக்கும்போது பதிவேடு எதற்கு என்று பால்பாண்டியிடம் சொன்னவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

3. பார்வை 1-இல் கண்ட அறிவிப்பு ஒரு சனிக்கிழமை காலை வந்தது. முழுவதும் படித்தேன். திங்கட்கிழமை முதல், அரங்கத்தின் முகப்பைப் பார்த்துவிட்டு வெளியேறினாலே அதுவரை வந்த பதிவுகள் அனைத்தும் படித்தவையாகக் கொள்ளப்படும், அதன் பிறகு வருபவை மட்டுமே தடித்துத் தெரியும் என்று தெளிவான தமிழில் இருந்தது. புரியவில்லை என்று நான் சொல்ல முடியாது. எங்கள் வழக்கம் இனி செல்லாது என்பதும், பால்பாண்டியிடம் உடனே சொல்ல வேண்டும் என்பதும் அப்போதே புரிந்தன. நான் திறந்துவிட்டதால் அந்த அறிவிப்பும் மெலிந்துபோனது. அவர் கண்ணில் அது படவே இல்லை.

4. "சொல்ல மறந்துவிட்டேன்" என்று எழுதத்தான் கை வருகிறது. மறக்கவில்லை, ஐயா. அக்டோபர் கடைசியில் பால்பாண்டி நாலைந்து விவசாயிகள் முன்னால் சிரித்துக்கொண்டே, "அக்கா பதிலைத் தொறந்தே பாக்க மாட்டாக. காடுமேடெல்லாம் நான்தேன் மிதிக்கணும்" என்றார். விளையாட்டாகச் சொன்னது. எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று முதல் அவர் வரும்வரை காத்திருந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும் பழக்கத்தை விட்டேன். சாவியை எதிர்த்த டீக்கடையில் கொடுத்துவிட்டு ஒரு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். அறிவிப்பைச் சொல்ல வேண்டுமானால் நானாகப் போய்ப் பேச வேண்டும். அதற்கு மனம் வரவில்லை. பதிவேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

5. 10.11.2008 திங்கள் காலை, அரை ஏக்கர் பன்னீர் திராட்சை போட்டிருக்கும் திருமதி மாயக்காள் ஒரு கொடி இலையைக் கொண்டுவந்தார். மேலே மஞ்சள் திட்டு, அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கவாத்து முடிந்து பூக்கும் தறுவாய். மழையும் விடாமல் தூறிக்கொண்டிருந்த வாரம். "பூ விடுற நேரமாத்தா. கொஞ்சம் வெரசாக் கேட்டுச் சொல்லச் சொல்லு" என்றார். அவருக்கு வேறு நிலமோ, வேறு வருமானமோ இல்லை. கேள்வியை உடனே பதிந்தேன். அதுவரை என் வேலையில் குறை இல்லை.

6. பதில் அன்று இரவு ஏழேகாலுக்கு வந்திருக்கிறது. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை மார்க்கெட் விலை பார்க்க அரங்கத்தைத் திறந்தபோது, "மாயக்காள், ஓடைப்பட்டி – அவசரம்" என்று தடித்த எழுத்தில் முதல் வரியாக நின்றது. பழக்கப்படி திறக்காமல் விட்டேன். ஒரு மணிக்கு வெளியேறும்போது, இதோடு அது மெலிந்துவிடும் என்று நினைவு வந்தது. அந்த நினைவோடேதான் வெளியேறினேன். ஒரு நாளாவது பால்பாண்டி எல்லாவற்றையும் மேலிருந்து கீழே தேடிப் பார்க்கட்டுமே என்று தோன்றியது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

7. நான் கிளம்பிய பிறகு வந்த இரண்டொரு பதில்கள் பால்பாண்டிக்குத் தடித்தே தெரிந்ததால் அவருக்குச் சந்தேகம் எழவில்லை. புதன்கிழமை காலை மாயக்காளின் பதில் மெலிந்திருந்தது. பால்பாண்டி திறந்து படித்ததால் மெலிந்ததா, நான் வெளியேறியதால் மெலிந்ததா என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. அவரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். படித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டேன். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மருந்தடிக்க வேண்டும், தவறினால் பூங்கொத்து நிற்காது என்று அந்தப் பதிலில் எழுதியிருந்ததை நான் முதன்முதலாகத் திறந்து படித்தது 17-ஆம் தேதி. கருகிய பூங்கொத்துகளை மடியில் கட்டிக்கொண்டு மாயக்காள் என் மேசைக்கு முன்னால் நின்றபோது. "சைக்கிள் மணி கேக்குமா கேக்குமான்னு கெடந்தேன். பதிலே வரலைன்னுதேன் நெனச்சேன்" என்றார். பந்தலில் ஒரு கொத்து மிஞ்சவில்லை. இப்போது அவர் அடுத்தவர் பந்தலில் கூலிக்குக் கவாத்து வெட்டுகிறார்.

8. 20-ஆம் தேதி மேற்பார்வையாளர் வந்து எங்கள் இருவரிடமும் எழுதி வாங்கினார். "என் பணி நேரத்தில் மேற்படி பதில் என் கவனத்துக்கு வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய். பதில் செவ்வாய்க்கிழமையே படிக்கப்பட்டதாக அரங்கத்தின் பதிவு காட்டியது. அதில் நாள் மட்டுமே உண்டு, நேரம் இல்லை. பயனர் பெயர் ஒன்றே என்பதால் படித்தவர் யார் என்பதும் தெரியாது. பதிலைப் படிப்பது பிற்பகல் பொறுப்பாளரின் வேலை என்பதால், படித்துவிட்டு அலட்சியமாக இருந்தார் என்று பால்பாண்டி மீது முடிவாகி, பார்வை 3-இன்படி அவர் நீக்கப்பட்டார். அந்தப் பதிலை அன்று எங்கள் மையத்தில் யாருமே படிக்கவில்லை, ஐயா. பார்த்தவள் நான் ஒருத்தி. படித்ததாக எழுதிக்கொண்டது கம்ப்யூட்டர்.

9. பால்பாண்டி என்னைக் குறை சொல்லியிருந்தால் இந்த மனு எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்குமோ ஆகியிருக்காதோ தெரியவில்லை. அவர் சொல்லவில்லை. உத்தரவு வாங்கிய அன்று மையத்துக்கு வந்து, "தொறந்து பாத்துட்டு மறந்திருப்பேன்க்கா. எனக்கே நெனப்பு இல்ல. மெஷின் பொய் சொல்லுமா" என்றார். செய்யாத தப்பைச் செய்ததாகவே நம்பி, மாயக்காள் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டிருக்கிறார். "விடுங்க பால்பாண்டி" என்று மட்டும் சொன்னேன். இப்போது அவர் விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலை ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார். பங்குச் சாமியாரிடம் நான் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். எனக்கு ஆறுதல் கிடைத்தது, பால்பாண்டிக்கு வேலை கிடைக்கவில்லை. அதைத் தரக்கூடியவர் தாங்கள் என்பதால் தங்களிடம் வந்திருக்கிறேன்.

10. எனவே, பார்வை 2-இல் கண்ட எனது வாக்குமூலத்தைப் பொய்யென்று பதிவு செய்து என் மீது தாங்கள் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். பால்பாண்டியை மீண்டும் பணியில் சேர்க்க வேண்டுகிறேன். என் இடம் காலியானால் அதற்கும் அவரே தகுதியானவர். அவருடைய தட்டச்சு மெதுவானதே தவிர பிழையில்லாதது. அரங்கத்தின் புதிய முறை, ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பவர்களுக்குச் சௌகரியமாக இருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு பேர் வேலை பார்க்கும் எங்களைப் போன்ற மையங்களில், முதல் ஆள் எட்டிப் பார்த்ததுமே இரண்டாம் ஆளின் வேலை மறைந்துபோகிறது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் தரவும், திறந்தால் மட்டுமே பதிவு மெலியும் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரவும் வேண்டுகிறேன். ஆனால் முறையை மாற்றியதால்தான் இது நடந்தது என்று தயவுசெய்து கோப்பில் எழுத வேண்டாம். முன்கூட்டியே எனக்குச் சொல்லிவிட்டுத்தான் மாற்றினார்கள்.

11. இதை இங்கே கொண்டுவருவதற்கு முன், இன்று காலை மாயக்காளிடம் இதுவரை எழுதியது முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடிப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என் வெள்ளாமை போனது இருக்கட்டும். கடைத்தெருவுல வச்சு அவன் மேல மண்ணை வாரித் தூத்துனேனே. அவன் புள்ளைக பாத்துக்கிட்டு நின்னுச்சுகளே. அந்த மண்ணை இப்ப யாரு அள்ளுறது?"

தங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. பால்பாண்டி குற்றமற்றவர் என்று தாங்கள் பிறப்பிக்கும் உத்தரவைத் தபாலில் மட்டும் அனுப்பிவிடாமல், ஓடைப்பட்டிக் கடைத்தெருவில், சந்தை நாளில், நாலு பேர் கேட்க வாசிக்கச் செய்ய வேண்டும். குற்றம் செய்தவள் பெயரையும் அதில் சேர்த்து எழுதுங்கள். வாசிக்க ஆள் இல்லை என்றால் நானே வாசிக்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
அ. ஞானசெல்வி

இடம்: தேனி
நாள்: 22.12.2008

நகல்: திரு. செ. பால்பாண்டி – இன்று மாலை, தோட்டத்து ஜீப் வந்து நிற்கும் இடத்தில், என் கையால் தரப்படும்.