இஸ்மவேலின் செம்முடி

டார்செஸ்டர், 1664 மே

அன்பு மகன் அம்புரோஸுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். நீ கேட்ட காலுறைகளை இந்த வாரச் சரக்கு வண்டியில் அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. கம்பளி விலையும் குறைந்துவிட்டதால் கோபம் மட்டும் குறையவில்லை.

உன் தங்கை லெட்டிஸின் பூத்தையல் முடிந்துவிட்டது. மனைவி சாராளின் பேச்சைக் கேட்டு ஆபிரகாம், தனக்குப் பிள்ளை பெற்ற வேலைக்காரி ஆகாரையும் மகன் இஸ்மவேலையும் வனாந்தரத்துக்கு அனுப்பும் காட்சி. வெள்ளைச் சாட்டினில் படம் வரைய வைத்து வாங்கிக் கொடுத்ததே நான்தான். பதிமூன்று வயதுக்குள் ஊசி பிடிப்பதில் என்னை மிஞ்சிவிட்டாள். உள்ளே கம்பளி திணித்து உருவங்களைப் புடைப்பாக எழுப்பியிருக்கிறாள். அவற்றுக்கு உடுத்தியிருப்பதெல்லாம், வழக்கம்போல, நம் வீட்டு உடைகளில் மிஞ்சிய துண்டுகள். கூடார வாசலில் நின்று பார்க்கும் சாராளுக்கு என் மஞ்சள் பட்டு. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சட்டம் போட அனுப்புமுன் நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா? வியாழக்கிழமை பாதிரியாரின் மனைவியும் அவள் நாத்தனார் பிரிசில்லாவும் வந்தார்கள். "சாராளுக்குச் சாப்பாட்டுல குறை இல்ல போலிருக்கே" என்று பிரிசில்லா என்னைப் பார்த்துச் சொன்னாள். நானும் சிரித்தேன். அப்புறம் படத்தின்மேல் குனிந்து, "ஏம்மா லெட்டிஸ், ஆபிரகாம் தாடி வெள்ளை, ஆகார் தலை கறுப்பு. பையன் தலை மட்டும் தீப்பிடிச்ச மாதிரி இருக்கே, எந்தக் குடும்பத்து முடி இது?" என்றாள்.

பாதிரியாரின் மனைவி சிரிக்கவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று எழுந்துவிட்டாள்.

அது நூலல்ல, அம்புரோஸ். பொய்முடி வைக்காதவனை லண்டனில் மனிதனாக மதிக்கமாட்டார்கள் என்று நீ புறப்படுமுன் ஒட்ட வெட்டிப்போட்ட உன் செம்முடி. ரிப்பனால் கட்டி என் பெட்டியில் வைத்திருந்தேன்.

அவர்கள் போனதும், "யாரைக் கேட்டுடி எடுத்தே?" என்று கையை ஓங்கினேன். அவள் விலகவில்லை. "தாம்சின் புள்ளைக்கும் இந்த முடிதானேம்மா வரும்? எங்கிட்ட அவ சொன்னா. நீங்கதான் கேக்கவே இல்ல" என்றாள்.

கேட்கவில்லைதான். தவக்காலத்தில் நம் வேலைக்காரப் பெண் தாம்சினின் வயிற்றைப் பார்த்த அன்றே, யாராவது வண்டிக்காரனாக இருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் பதில் வந்துவிடுமே. ஒரு ரொட்டியைக் கையில் கொடுத்து வாசல்வரை வந்து அனுப்பினேன். நம்மைவிட இரக்கமாக யார் செய்வார்கள் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. அதை எழுதும்போது முகம் சுடுகிறது.

விசாரித்தேன். அவள் ஒரு களஞ்சியத்தில் படுத்துக்கிடக்கிறாள். பிள்ளை தங்கள் ஊரில் பிறந்தால் தங்கள் வரிப்பணத்தில் வளர்க்க வேண்டுமே என்று ஒவ்வொரு ஊராரும் அவளை அடுத்த எல்லைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். "அப்பன் பேரைச் சொல்லுடி, கஞ்சியாவது ஊத்துறோம்" என்றிருக்கிறார்கள். "சொல்லி என்ன ஆகப்போவுது? கஞ்சியை நீங்களே குடிங்க" என்றாளாம். அவள் வாய்த்துடுக்கு உனக்குத் தெரியும்.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். அவர் படத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், "அந்த முடியைப் பிடுங்கிட்டு கறுப்பு நூல் வெச்சுத் தை. எல்லாம் சரியாயிடும்" என்றார். கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லெட்டிஸ் என்னைத் தடுக்கவில்லை. கறுப்பு நூல்கண்டை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு என் கை எழவில்லை.

நாளை குதிரையில் நானே போகிறேன். அவளை இந்த வீட்டுக்குள் விட அப்பா சம்மதிக்கவில்லை. நான் அங்கேயே தங்குவேன். பிள்ளை பிறக்க இன்னும் சில நாட்கள்தான் என்கிறார்கள். மணமாகாதவள் நோவு உச்சத்தில் இருக்கும்போது, பிள்ளையின் தகப்பன் பெயரைச் சொன்னால்தான் மருத்துவச்சி கை வைப்பாள். அதுதான் நம் வழக்கம். தாம்சின் சொல்லமாட்டாள். அவளைச் சாகவிடுவதா, என் வாயால் உன் பெயரைச் சொல்வதா? அந்த இடத்தில் என்னை நிறுத்திவிடாதே, மகனே.

பதில் எழுதாதே. வந்துவிடு. வந்து நீயே சொல்.

வழியெல்லாம் கர்த்தர் உன் குதிரையின் கால்கள் இடறாமல் காக்கட்டும்.

உன் அம்மா,
மார்ஜரி