கழுத்துக்கு மேல் ஒரு படம்

மஸ்கட்
ஞாயிறு

அன்புள்ள அய்யாவுக்கும் அம்மாவுக்கும் காளிதாஸ் வணங்கி எழுதுவது. நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? மிளகாய்க்கு மழை கிடைத்ததா?

போனில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

போன வாரம் ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் வட்டு எறிதலைப் படமெடுக்க ஸ்டூடியோவிலிருந்து அனுப்பினார்கள். ஒரு மாணவன் எறிந்த வட்டு கைநழுவி ஓரமாகப் பறந்தது. விழும் வட்டுகளை எடுத்துக் கொடுக்கும் நேபாளத்துக்காரர் தில்பகதூர் அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். கேமராவில் பார்த்த நான், "ஏலே, விலகுலே!" என்று நம்மூர்ப் பேச்சிலேயே கத்திவிட்டேன். அவருக்கு என்ன புரியும்? யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நின்று திரும்பினார். வட்டு தோளில் அடித்து எலும்பு முறிந்துவிட்டது. நான் கத்தாமலிருந்தால் அவர் தாண்டிப் போயிருப்பார் அய்யா.

ஆஸ்பத்திரியில் போய் மன்னிப்புக் கேட்டேன். "காப்பாற்றத்தானே கத்தினாய்" என்று இந்தியில் சொன்னார். பிறகு, ஊரிலுள்ள தன் அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கச் சொன்னார். கட்டுத் தெரியாமல், கழுத்துக்கு மேல் மட்டும். நன்றாகவே சிரித்தார். எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடிந்தது என்னால்?

தேவிபட்டினம் போனால் அவர் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்யுங்கள். நட்சத்திரம் தெரியாது.

இனிமேல் பேசி முடித்ததும் உடனே போனை வைத்துவிடாதீர்கள். அம்மா அடுப்படியில் பேசுவது கொஞ்ச நேரம் கேட்கட்டும்.

வண்டிக்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான். கிளம்புகிறேன்.

உங்கள் மகன்
காளிதாஸ்