ரேடியோவுக்குத் தனி எர்த்

அக்கா,

இன்று காலை எங்கள் ஆர்.எஸ்.புரம் வீட்டில் எர்த் போட வந்த எலக்ட்ரீஷியன் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். நனைந்த கரியின் வாசம் எழுந்ததும், சோமனூரில் நாம் இருவரும் தோண்டிய குழி நினைவுக்கு வந்துவிட்டது.

குவைத்துக்குள் ஈராக் படை புகுந்த வருடம் அது. உங்கள் தம்பி அங்கே டிரைவர். ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. தறியை நிறுத்திவிட்டு, தலையில் பஞ்சுத் தூசியோடு பக்கத்து வீடான எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். "ஏனுங்க அம்மணி, உங்க ரேடியோவுல அந்த ஊர்ச் சேதி கேக்குமுங்களா?"

தெரு முழுக்க விசைத்தறி மோட்டார்கள். சிற்றலையைத் திருப்பினால் இரைச்சல்தான் வரும். கூரைமேல் நீளமாக ஏரியல் கட்டினேன். ரேடியோவின் எர்த் கம்பியை உங்கள் தறிக்குடோன் எர்த்தில் கொண்டுபோய் முடிந்தேன். இரைச்சல் இன்னும் கூடியது. நான் சோர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள்தான் யோசித்துச் சொன்னீர்கள்: "இத்தனை மோட்டாரும் அதுலதானுங்க முடிஞ்சிருக்குது. அந்தச் சத்தம் பூராவும் இதுல ஏறி வருதாட்ட இருக்குது. ரேடியோவுக்குத் தனியாப் போட்டுப் பாக்கலாமுங்க."

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண் எப்போதும் ஈரம். அங்கே குழி வெட்டிச் செம்புக் கம்பியை நட்டோம். இணைப்புக் கொடுக்கும் இடத்தை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்தீர்கள். ஏரியலையும் மின்கம்பியை விட்டு விலக்கிக் கட்டினோம். அன்று சாயங்காலம் இரைச்சல் தணிந்து, தமிழில் ஒரு குரல் தெளிந்தது. நம் ஆட்களை விமானத்தில் கொண்டுவருகிறார்களாம்.

"பேரு சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க அக்கா."

ஆனாலும் தினமும் வந்தீர்கள்.

ஒரு மதியம் தம்பி வந்தேவிட்டார், ஒரே ஒரு பையோடு. வாசலில் நின்று அவர் கூப்பிட்டது தறிச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. நான் ஓடிவந்து உங்கள் தோளைத் தொட்டேன். அறுந்த நூலை அப்படியே விட்டுவிட்டு, அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள்.

இனி வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். மறுநாள் அதே நேரத்துக்கு ரேடியோ முன்னால் வந்து உட்கார்ந்தீர்கள்.

"அதான் தம்பி வந்துட்டாருங்களே அக்கா?"

"என்ற தம்பி வந்துட்டான் அம்மணி. மத்தவங்க ஊட்டுப் பசங்க இன்னும் வரோணுமில்லீங்களா?"

எல்லோரும் வந்து சேர்ந்தார்கள் என்ற செய்தி வரும்வரை நீங்கள் நிறுத்தவில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. எங்கோ யாரோ சிக்கிக்கொண்டார்கள் என்று செய்தியில் வந்தால், அவர்கள் திரும்பிய சேதி கேட்கும்வரை நான் விடுவதில்லை. "அங்க நமக்கு யாரும்மா இருக்காங்க?" என்று மகள் கேட்கிறாள். நான் செய்தியின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன்.