நாற்பத்திரண்டு வரிசைப் புல்

மார்ச் 22, சனி

இந்த வசந்தத்தின் முதல் புல்வெட்டு. பின்வாசலிலிருந்து கோடிச் சுவர் வரை நாற்பத்திரண்டு வரிசை. போன வருடமும் அதே. முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்து சோறு தின்றவனுக்குக் கோணல் ஆகாது. பேரி மரம் முழுக்க வெள்ளைப் பூ. உதிர்ந்ததையெல்லாம் புல்லோடு சேர்த்து மெஷின் வாரிக்கொண்டது. இரண்டரை மணி நேரம் மனதில் ஒரு நினைப்பும் இல்லை. இதைவிடப் பெரிய சுகம் எனக்குத் தெரியாது.

"புல்லுக்கும் எல்லைக்கல் நட்டுடுவீங்க போல," என்றாள் வீட்டுக்காரி.

மார்ச் 23

காலையில் போய்ப் பார்த்தேன். சவரம் செய்த கன்னம் மாதிரி சுத்தம்.

சமையலறைக் கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது, பால் பாக்கெட்டை வெட்ட வரவில்லை. தீட்டி வைத்தேன்.

மார்ச் 31

மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். அழுக்கு கண்ணாடியில் இல்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று மூன்றாவது வெட்டு. இன்று பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், இதுல கால் வைக்கவே கூச்சமா இருக்கு," என்றார். அறுபத்தெட்டு வயதில் இதற்கெல்லாம் தலைகால் புரியாமல் போகக்கூடாது. போயிற்று. வீட்டுக்காரி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

கத்தரிக்கோல் மறுபடியும் மழுங்கல். மட்டமான இரும்பு.

ஏப்ரல் 12, சனி

பேரி மரத்தடியில் அவள் வளர்த்த நீலப் பூக்கள். சுற்றி நாலு குச்சி நட்டு, "இதை மட்டும் விட்டுடுங்க," என்று நூறு தடவை சொல்லியிருந்தாள். குச்சி முறியும் சத்தம் கேட்டுத்தான் நின்றேன். மெஷின் பை நிறைய நீலக் கூளம்.

"தெரியலையா?" என்றாள்.

"கவனிக்கல," என்றேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும்.

அவள் உள்ளே போன பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடது கண்ணில் லேசாக, வலது கண்ணில் நட்டநடுவே, ஒரு புகை. அதன் ஓரத்தில் வேலிக் கம்பம் வளைந்து தெரிந்தது. வேலிக் கம்பம் வளையாது. நட்டவன் நான்.

ஏப்ரல் 15

டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியும். தெரிந்ததைக் கேட்க எதுக்குய்யா போகணும்? மெஷினைத் தொடாதேன்னு சொல்லிட்டா — சனிக்கிழமை நான் என்ன பண்றது?

ஏப்ரல் 20, ஞாயிறு

விடியற்காலை குளியலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டுக்காரி புல்லில் முட்டி போட்டிருந்தாள். கையில் சமையலறைக் கத்தரிக்கோல். நேற்று நான் விட்டுவிட்டுப் போன புல்லைக் கற்றை கற்றையாக வெட்டிக் கூடையில் போட்டபடி நகர்ந்துகொண்டிருந்தாள்.

வாத்தியார் புகழ்ந்தது அவள் வேலையை.

அவமானமாக இருந்தது. அவளுக்கு முட்டி வலி வேறு. அதை நினைத்ததும் அழுகை வந்தது. முகம் கழுவிக்கொண்டு கீழே போனேன்.

"எத்தனை நாளா?"

"மொத வெட்டுலேருந்து."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மெஷினை ஓரங்கட்டிடுவீங்க. அப்புறம் நாள் பூரா வீட்டுக்குள்ள என்னை அளந்துக்கிட்டு இருப்பீங்க."

ஏப்ரல் 23

கண் டாக்டர். மாதம் ஒரு ஊசி, கண்ணிலேயே போடுவார்களாம். போனது போனதுதான், மிச்சத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம் என்றார். கார் ஓட்டக்கூடாது.

"புல் வெட்டலாமா?" என்றேன். டாக்டர் என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரியைப் பார்த்தார்.

"நான் கூட இருக்கேன்," என்றாள்.

மே 10, சனி

பேரிப் பூ முடிந்துவிட்டது. வேலியோரம் ரோஜா ஆரம்பம்.

நிலம் அளந்த காலத்தில் தூரத்தில் கம்பம் பிடித்து நிற்க ஓர் ஆள் இருப்பான். அந்த உத்தியோகம் இப்போது வீட்டுக்காரிக்கு. கோடிச் சுவரோரம் நாற்காலி போட்டு, சிவப்புத் துணி கட்டிய துடைப்பக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பைப் பார்த்து நான் நடந்தேன். வரிசைக்கு வரிசை நாற்காலியை நகர்த்தினாள். பாதியில் எழுந்து ரோஜா பக்கம் போய்விட்டாள். சிவப்பு போன பக்கமே மெஷினும் போயிற்று.

"கோணலாப் போச்சே!" என்றாள்.

"நீதானே நகர்ந்தே?"

"பூ நல்லா இருந்துச்சு. பார்க்கப் போனேன்."

மே 11

எதுவும் விடுபடக்கூடாது என்று நெருக்கிப் போட்டதில் நாற்பத்தைந்து வரிசை ஆகிவிட்டது. நடுவில் ஏழெட்டு வரிசை பாம்பு மாதிரி. வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்காரி இன்னும் தூங்குகிறாள். பால் பாக்கெட்டை நானே வெட்டினேன். போன மாதக் கடைசியில் தீட்டிய கத்தரிக்கோல் ஒரே வெட்டில் வெட்டியது.